பொழுதில்லாத நிலம்

இணைய வரைபடம் ஒன்றைத் திறந்தால் திரையோரத்தில் ஒரு பட்டியல் வரும். சாலைகள், நீர்நிலைகள், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு கட்டம். கட்டத்தில் குறியிட்டால் அந்த அடுக்கு படத்தின்மேல் வந்து படியும். குறியை எடுத்தால் மறையும். மாமல்லபுரத்தை இப்படிப் பார்க்கலாம். கடற்கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது என்ற வளையம், அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்ற வளையம்; இவை 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம் தந்தவை. இன்னொரு கட்டத்தைத் தொட்டால் உயர் அலைக்கோடும் அதிலிருந்து அளந்த மண்டலங்களும். விடுதிகள், உணவகங்கள், வண்டி நிறுத்துமிடங்கள் தனித்தனியே. கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மீனவர் குப்பத்தின்மேல் இரண்டு சட்டங்களின் நிறமும் விழுகிறது. குப்பத்துப் பெண்கள் புழங்கும் இடங்களுக்கென்று ஓர் அடுக்கை நான் இதுவரை எந்தப் பட்டியலிலும் பார்த்ததில்லை.

ஓர் அடுக்கில் இடம்பெற ஒரு பொருளுக்கு வடிவம் வேண்டும்: புள்ளி, கோடு, பலகோணம், இவற்றில் ஒன்று. அட்டவணையில் அதற்கு ஒரு வரிசை வேண்டும்: பெயர், வகை, உரிமையாளர். கிணறு புள்ளி, சாலை கோடு, ரிசார்ட் பலகோணம். சரி, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல் எது? விடிகாலையில் அங்கே ஏலம் நடக்கும். வெயில் ஏறினால் அதே மணலில் மீன் காயும். பிற்பகலில் ஆண்கள் வலை சீர்செய்ய உட்காருவார்கள். ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறிவந்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு. (இந்தச் சொல் நம் ஊரில் வசையாகவும் ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.) நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பலவும் காலை பத்தரை மணியளவில்தான் ஓர் இடத்தைக் கடக்கின்றன. அதற்குள் ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு பேருந்தேறியிருப்பார்கள். படத்தில் இருப்பது வெறும் மணல்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமல்ல, நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. வகுப்பில் இது இரண்டு மதிப்பெண் வினா. மாணவிகள் எழுதிக்கொண்டு கடந்துவிடுவார்கள். இணைய வரைபடத்தின் முன் உட்காரும்போதுதான் அந்த இரண்டில் ஒன்று காணாமல் போயிருப்பது உறைக்கிறது. நற்றிணையின் 45ஆம் பாட்டில் ஒரு பரதவர் மகள், காயப்போட்ட சுறாமீனைப் பறவைகள் கொத்தாமல் விரட்டிக்கொண்டிருக்கிறாள். தேரில் வந்த பெருங்குடி இளைஞனைப் பார்த்து, எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள் தோழி. அந்த வேலையைச் சங்கப் பாட்டு காதலுக்குப் பின்னணியாகவே வைத்தது என்பது உண்மைதான். ஆனாலும் காயவைக்கும் களம் அவள் கையில் இருந்ததற்கு அது ஒரு பதிவு.

சட்டமும் இதை அறியாததல்ல. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011இல் வந்ததும் 2019இல் வந்ததும், மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்கின்றன. அதற்குக் கிராமப் புல வரைபட அளவு, ஏறக்குறைய 1:4000, தேவை. நமக்குக் காட்டப்படும் திட்ட வரைபடங்களோ 1:25,000 அளவில். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது 25 மீட்டர். இருபது மீட்டர்க் களம் ஒரு பேனா முனைக்குள் போய்விடும். 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு நடந்தபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய முதன்மையான குறையும் இதுதான்: எங்கள் ஊரும் எங்கள் இடங்களும் படத்தில் விடுபட்டிருக்கின்றன.

விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே இடம்பெயர்ந்தால் புது வீடு தருவதாகச் சொன்னது. பழைய மனையை அரசிடம் ஒப்படைக்கவேண்டும். புது வீட்டின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்றது. பெண்ணுரிமைக்கு அது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் அவள் பெயர் பத்திரத்தில் ஏறிய அதே ஆணையில், அவள் பிழைப்பு நடந்த மணல் அவளைவிட்டு எட்டப் போனது.

அப்படியானால் நாமே வரைந்துவிட வேண்டியதுதானே? வரைந்திருக்கிறார்கள். சென்னை ஊரூர் குப்பத்து மீனவ இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து தங்கள் கரையை வரைந்தது நல்ல முன்மாதிரி. நான்சி பெலூசோ 1995இல் காலிமந்தான் காடுகளைப் பற்றி எழுதியபோது இந்த வகை முயற்சியை எதிர் வரைபடம் என்றார். வரைந்ததும் நெகிழ்வாக இருந்த உரிமைகள் இறுகிப்போகும் என்றும் எச்சரித்தார். நம் கரையில் எனக்கு இன்னொரு கவலை. ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களுடையது. ஊர்வரியும் ஆண் தலைக்குத்தான். அவர்களைக் கேட்டு வரைந்தால் படகு வரும், வலை வரும், ஐஸ் தொழிற்சாலை வரும். கைம்பெண் ஒருத்தி நிழலுக்காக உட்கார்ந்து மீன் அரியும் வேப்பமரத்தடி வராது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. விடியுமுன் பெண்கள் ஒதுங்கும் சவுக்குத் தோப்பை எடுத்துக்கொள்வோம். கழிப்பறை கட்டிய ஊர்களிலும் தண்ணீர் வராத நாட்களில் அதுதான் கதி. அது எங்கும் பதிவாகாவிட்டால், நாளை ஒரு ரிசார்ட் வேலி போடும்போது எதை இழந்தோம் என்று சொல்ல ஆதாரம் இருக்காது. பதிவாகித் திரையில் வந்துவிட்டால், இருட்டில் பெண்கள் எங்கே போகிறார்கள் என்பது எவன் கைப்பேசியிலும் தெரியும். கட்டமோ இரண்டு நிலைகளைத்தான் அறியும்: குறி உண்டு, குறி இல்லை.

பதிவாவதும் காட்டப்படுவதும் வேறு வேறு என்று நான் நினைக்கிறேன். தொழில்நுட்பத்தில் இது புதிதும் இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்கள், அழிந்துவரும் உயிர்கள் வேட்டைக்காரன் கையில் சிக்காதிருக்க, பார்த்த இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுகின்றன. பறவைக்குச் செய்யும் மரியாதையைப் பெண்ணுக்குச் செய்ய யாரும் யோசிக்கவில்லை. தோப்பு அதிகாரியின் கோப்பில் இருக்கட்டும், கிராமசபைத் தீர்மானத்தில் இருக்கட்டும். திரையில் அதற்குக் கட்டம் வேண்டுமா என்பதை அந்தப் பெண்கள் சொல்லட்டும்.

செங்கல்பட்டுக் கரைக்குக் கிராம அளவு வரைபடம் போடும்போது, கோடு இழுப்பதற்கு முன்னால், ஆண்கள் இல்லாமல் பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கவேண்டும்: எந்த இடம், எந்த மாதம், எந்த நேரம். சில இடங்களுக்குக் கோடே வேண்டாம், பொழுதை மட்டும் எழுதிக்கொள் என்று அவர்கள் சொல்லக்கூடும். மென்பொருளில் அதற்கு வழியில்லை என்று வரைபவர் கைவிரித்தால், அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது என்று அவருக்குச் சொல்லலாம்.