தாயன்பும் ஒரு கோப்பைப் பாலும்

மகனோடு தாய் ஓடுகிறாள். விட்டுக்கொடுக்காமல் ஓடி, மீண்டும் மீண்டும் அவனைத் தோற்கடிக்கிறாள். ஒருநாள் அவன் அவளை முந்துகிறான். தோற்ற தாய் மகிழ்கிறாள். 2010-களில் நம் தொலைக்காட்சிகளில் பலமுறை ஒளிபரப்பான போர்ன்விட்டா விளம்பரம் இது. அழகிய படந்தான். ஆயினும் அதில் பானத்தைப் பற்றிய சொற்கள் மிகச் சில. படம் முழுவதும் தாயைப் பற்றியது.

இதில் பொய் ஏதேனும் உண்டா? தாயன்பு மெய். பயிற்சியால் வெற்றி வருவதும் மெய். இவ்விரு மெய்களுக்கும் நடுவே ஒரு கோப்பைப் பால் வைக்கப்படுகிறது. இவற்றை இணைக்கும் கண்ணியை விளம்பரம் உரைப்பதில்லை. பார்ப்பவர் தாமே கோத்துக்கொள்கிறார். தாமே கோத்ததை எவர் ஐயுறுவார்? 'பொய்மைக்கு எதிராக' என்னும் நூலில் புனித அகுஸ்தினார், ஏமாற்றும் விருப்பத்தோடு பொய்யானதை உணர்த்துவதே பொய் என்கிறார். 'உரைப்பது' என்னாமல் 'உணர்த்துவது' என்றது கருதத்தக்கது.

வெளிப்படையாக உரைத்தால் பிடிபடக்கூடும். பிள்ளைகள் உயரமாக, வலிமையாக, அறிவுக்கூர்மையோடு வளர்வர் என்றது ஹார்லிக்ஸ் விளம்பரம். வங்கதேசத்திற்கென எடுக்கப்பட்ட அது பிரித்தானியாவிலும் ஒளிபரப்பாகிவிட, 2008-இல் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் அதைத் தடைசெய்தது. உயரத்தை அளக்கலாம்; தாயின் புன்னகையை எந்த ஆணையம் அளக்கும்?

இவ்விளம்பரங்களின் மெய்யான சரக்கு அச்சமே. 'என் பிள்ளைக்கு நான் செய்வது போதுமா?' என்ற கேள்வி பெற்றோர் நெஞ்சில் என்றும் உண்டு. (தந்தையரை இப்படங்களில் காண்பது அரிது, பதற்றம் முழுவதும் தாய்க்கே ஒதுக்கப்பட்டுள்ளது.) அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி ஆதலால், அதைத் தொட்டதும் நெஞ்சு இளகிவிடுகிறது. விற்பவர் விற்கத்தான் செய்வார், அதில் குற்றமில்லை. ஆனால் அப்பொடியை வாங்க வழியின்றி, கேழ்வரகுக் கூழ் காய்ச்சித் தரும் தாய் அதைப் பார்க்கையில் தன்னைக் குறைந்தவளாக எண்ணுகிறாளே, அது யார் செய்த குற்றம்? சமூகத் தொடர்புக்கான திருப்பீடப் பேரவை 1997-இல் வெளியிட்ட 'விளம்பரத்தில் அறநெறி' என்னும் ஏடு, உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என மூன்றைக் கேட்கிறது. முதலாவதில் எழுத்தளவில் தேறிவிட்டு, இரண்டாவதைக் காயப்படுத்த இயலும்.

'ஆரோக்கிய பானம்' என்ற பெயரும் இத்தகையதே. 2023-இல் போர்ன்விட்டாவின் சர்க்கரை பற்றிய சர்ச்சை எழுந்தபோது, 20 கிராம் பொடியில் 7.5 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ளதென நிறுவனமே விளக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இத்தகைய பானங்களை அப்பெயரில் வகைப்படுத்த வேண்டாமென இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் அப்படியொரு வகை வரையறுக்கப்படவே இல்லை.