சாமி கும்பிட்ட வாயால்...

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹாலில் உட்கார்ந்து 'பூஜை விளையாட்டு' விளையாடிக் கொண்டிருந்தாள். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, ஸ்பூனால் தட்டினால் மணி. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தால் சுலோகம். நான் ரசித்துப் பார்த்துக் கொண்டே இருக்க, திடீரென்று கண்ணைத் திறக்காமலேயே கத்தினாள்: "டிபன் பாக்ஸ் எங்கேடி? இன்னும் ஷூ போடலையா? அடி வாங்கப் போறே!" அடுத்த நொடி மறுபடியும் முணுமுணுப்பு, மறுபடியும் மணி.

சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் சுருக்கென்றது. குழந்தை எதையும் கற்பனை செய்யவில்லை, பார்த்ததைத்தான் செய்து காட்டினாள். அவளைப் பொறுத்தவரை அந்த அதட்டலும் பூஜையில் ஓர் அங்கம்!

வாரா வாரம் கோயில்களைப் பற்றியும் வழிபாடுகளைப் பற்றியும் உங்களுக்கு எழுதுகிறவள் நான். என் வீட்டுக் காலைப்பொழுது இந்த லட்சணத்தில் இருந்தது. உங்கள் வீட்டிலும் எம்.எஸ். அம்மாவின் குரலில் சுப்ரபாதம் ஒலிக்க, அதற்கு மேலே மிக்ஸி அலற, அதற்கும் மேலே நம் குரல் ஒலிக்கிறதா? அப்படியென்றால் மேலே படியுங்கள். விளக்கேற்றிய கையோடு, நாமத்தைச் சொன்ன வாயாலேயே வீட்டில் இருப்பவர்களைக் கடிந்தால், அந்தப் பூஜைக்கு என்ன அர்த்தம்?

'இன்னும் சீக்கிரம் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று முதலில் நினைத்தேன். பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது என்று சங்கல்பம் செய்துகொண்டேன். ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி, 48 நிமிடம் முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. அலாரம் வைத்து எழுந்தேன், குளித்தேன், ஐந்து சுலோகங்களையும் சொல்லி முடித்தேன். மூன்றாவது வாரம் தலைவலி வந்தது. கோபமும் முன்பைவிட அதிகமாகியது!

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த என் மாமியார் நான்கு நாள் பேசாமல் பார்த்தார். ஐந்தாம் நாள் சொன்னார்: "சீக்கிரம் எழுந்துக்கணும்னா சீக்கிரம் படுக்கணும்மா. நீ ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் தேய்ச்சுண்டு இருக்கே. இது விரதமா, உடம்புக்குத் தண்டனையா?"

எவ்வளவு நியாயமான கேள்வி! பெரியவர்களுக்கு உடம்புக்குத் தேவையான ஏழு மணி நேரத் தூக்கம் போய்விட்டால் மனசு எப்படி ஒரு இடத்தில் நிற்கும்? அந்த நியமத்தை வகுத்த காலத்தில், விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் ஊரே அடங்கிவிடும். நம் வீட்டிலோ அவர் ஆபீஸிலிருந்து வருவதே ஒன்பது மணிக்கு. பிறகு சாப்பாடு, பாத்திரம், உளுந்து ஊறப்போடுவது, பாலுக்கு உறை ஊற்றுவது. இப்படிப்பட்டவள் ஐந்தரைக்கு எழுந்தால் அது பாவம் என்று யார் சொன்னது? உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு பேணச் சொன்னவர் நம் திருமூலர்.

அத்தை இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் உங்களோடு முக்கியமாகப் பகிர்ந்துகொள்ள நினைத்தேன். "பெருமாளையே நாம உலுக்கி எழுப்பறதில்லையே!"

யோசித்துப் பாருங்கள். திருமலையில் முதலில் நடப்பது திருப்பள்ளியெழுச்சி. பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய சுப்ரபாதத்தால், மார்கழியில் ஆண்டாளின் திருப்பாவையால், இதமாக எழுப்புகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் விஸ்வரூப தரிசனத்தின்போது அரங்கன் சந்நிதிக்குப் பசுவும் யானையும் வருகின்றன. நம் கல்யாண வேண்டுதலும் கடன் வேண்டுதலும் அதற்குப் பிறகுதான் அவன் காதில் விழும். ஈரேழு உலகத்தையும் காப்பவனுக்கே, கோரிக்கைகள் வந்து சேருமுன் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நாம் கண் விழித்ததும் பார்ப்பது எதை? செல்போனை. இரவே வந்து காத்திருக்கும் ஸ்கூல் குரூப் செய்தி, நாத்தனார் அனுப்பிய வீடியோ, கரன்ட் பில். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பத்துப் பேர் நம்மிடம் ஏதோ கேட்டு முடித்திருக்கிறார்கள்.

'எனக்கென்று பதினைந்து நிமிடமா? சுயநலம் இல்லையா?' என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளாததற்கு விலை கொடுத்தவள் என் மகள். தினம் தினம்!

இப்போது செல்போன் ராத்திரி சமையலறையில்தான் தூங்குகிறது. எழுந்ததும் பால்கனியில் துளசி மாடத்தின் பக்கத்தில் சும்மா உட்காருகிறேன். ஜபம்கூட இல்லை. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் தன்னைச் சரிசெய்து கொள்கிறது என்கிறது விஞ்ஞானம். அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சூரிய நமஸ்காரம் செய்த நம் பாட்டிமார்களிடம் சொன்னால் சிரித்திருப்பார்கள்!

பிறகு கோலம். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. மனசு ஒரு கணம் டிபன் பாக்ஸுக்குப் போனால் போதும், ஒரு புள்ளி அநாதையாக நின்று நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். மனதை ஒருமுகப்படுத்த இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அடுக்குமாடிவாசிகளே, தயவுசெய்து ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவிடாதீர்கள். வாசலில் இடமில்லாவிட்டால் பூஜையறையில் ஒரு சின்ன மனைக்கோலமாவது போடுங்கள்.

ஐந்து சுலோகங்களை ஒன்றாகக் குறைத்தேன். மனசு அடித்துக்கொண்டது. அப்போது பூசலார் நாயனார்தான் கைகொடுத்தார். திருநின்றவூரில் கையில் காசில்லாத அந்த அடியார், மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, கிணறும் குளமும் வெட்டிக் கோயில் கட்டினார். கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த காடவர் கோன் கனவில் தோன்றி, 'நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்றார் சிவபெருமான். ஒவ்வொரு கல்லாக, மனம் சிதறாமல் வைத்த கோயிலுக்கே முதலிடம்! சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்கிறார். அவசரமாக உருட்டிய ஐந்தைவிட, நின்று சொன்ன ஒன்றை அம்பாள் குறைத்து மதிப்பிட மாட்டாள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

இன்னொரு விஷயம். இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, விடிந்தாலே நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அது பக்திக் குறைவு இல்லை.

ஷூவையும் டிபன் பையையும் ராத்திரியே எடுத்து வைப்பது இப்போது அப்பாவும் மகளும் சேர்ந்து செய்யும் வேலை. பாத்திரத்தில் பாதியும் அவர் பங்கு. முதலில் முகம் சுளித்தார், இப்போது பழகிவிட்டது.

போன வாரம் மறுபடியும் டம்ளர் மணி அடித்தது. கதவோரம் நின்று கேட்டேன். முணுமுணுப்பு கொஞ்சம் நீளமாகவே போயிற்று. எனக்கு உள்ளூரப் பெருமை. அப்புறம் கண்ணை மூடியபடியே, முன்பைவிடச் சற்று மெதுவாக ஒரு குரல்: "வாட்டர் பாட்டில் எடுத்துண்டியா?"