எடை விழும் பக்கம்

வீட்டின் பின்னறையில் எட்டடி நீளப் பலகைமேல் ஒரு கம்பிச்சடக்கு போட்டிருக்கிறேன். ஒரு ஸ்டேஷன், இரண்டு தடங்கள், ஒரு சரக்குக் கொட்டகை, ரப்பர் மரங்கள் என்று நான் சாதிக்கும் பச்சை ஸ்பாஞ்சுத் துண்டுகள். பாலோ, ரெங்கம், லாயாங்-லாயாங் எல்லாம் கலந்த ஊர் அது. பெயர் இன்னும் வைக்கவில்லை. நம் ரயில் மீட்டர் கேஜ். 1:87 அளவில் தண்டவாளங்களின் இடைவெளி 11.5 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பது 12. ஆக, அரை மில்லிமீட்டர் பொய்யோடுதான் தொடங்கினேன். அது என்னை உறுத்தவில்லை. உறுத்தியவை கைகாட்டிகள்.

மொத்தம் நான்கு. எல்லாம் கையால் செய்தவை. பித்தளைக் குழாயில் கம்பம், மைலோ டின் தகரத்தில் வெட்டிய கை. கையோடு சேர்ந்த சட்டத்தில் இரண்டு கண்ணாடிகள்: ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். நீலமேதான். மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் நீலக் கண்ணாடி வழியே வரும்போது பச்சையாகத் தெரியும். இது தெரியாமல் வெள்ளை எல்இடியை வைத்துவிட்டு ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

முதலில் கையை அசைக்க சின்ன சர்வோ மோட்டார் வைத்திருந்தேன். ஒருநாள் மழையில் கரண்ட் போனது. இரண்டு கைகள் இறங்கியபடியே நின்றுவிட்டன. இறங்கிய கை என்றால் "போகலாம்". நிஜக் கைகாட்டி அப்படிச் செய்யாது. கம்பி இழுபட்டிருக்கும் வரைதான் அதன் கை இறங்கியிருக்கும். கம்பி அறுந்தால், கம்பத்தில் இருக்கும் எடை தானாகக் கீழே விழுந்து கையைக் கிடைமட்டமாகத் தூக்கிவிடும். நில்.

எல்லாவற்றையும் கழற்றினேன். மின்காந்தம் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மின்சாரம் போனால் விட்டுவிட வேண்டும், எடை விழ வேண்டும். இங்கேதான் கணக்கு உதைத்தது. நீளம் 87 மடங்கு சுருங்கினால் எடை 87-இன் மும்மடி, அதாவது ஆறரை லட்சம் மடங்கு சுருங்கும். நிஜத்தில் பத்து கிலோ எடை என் மேசையில் 0.015 கிராம். உராய்வோ அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. 0.015 கிராம் எதையும் தூக்காது. கடைசியில் கம்பத்தில் ஒப்புக்கு ஒரு குட்டி எடையை ஒட்டிவிட்டு, பலகைக்கு அடியில் தூண்டில் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். பார்ப்பவர்களுக்கு மேலே இருப்பது. வேலை செய்வது கீழே.

இதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பிரஸ் மெஷின். முன்கதவு திறந்திருந்தால் ஓடாதபடி அதில் ஒரு காந்த சுவிட்ச் உண்டு. அது பழுதானபோது யாரோ ஒரு துண்டுக் காந்தத்தை சுவிட்சின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். இனி கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும். நான் பார்த்தேன், கேட்டேன். "இன்னிக்கி ஒரு ஷிப்ட் மட்டும்தான் தம்பி, பார்ட்டு வந்துரும்" என்றார் மேலே இருப்பவர். தினசரிப் படிவத்தில் "பாதுகாப்புக் கதவு: சரி" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பார்ட்டு வர மூன்று வாரம். 16 டிக். அந்த மெஷினில் நின்றவர் வங்காளதேசத்து இளைஞர், என்னைவிடச் சின்னவர். காலையில் எனக்கு சலாம் சொல்வார். நானும் சொல்வேன். பிறகு வீட்டுக்கு வந்து, இரண்டு சென்டிமீட்டர் உயர பிளாஸ்டிக் பயணிகளின் பாதுகாப்புக்காக ஈயம் இழைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. 180 வெள்ளி சுவிட்ச் வந்தது, காந்தத்தைக் குப்பையில் போட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை என்றால் நான் செய்தது என்ன? பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் இதற்கு "அற அதிர்ஷ்டம்" என்று பெயர் வைத்தார்கள். ஒரே கவனக்குறைவு, ஒருவன் குழந்தைமேல் வண்டியை ஏற்றுகிறான், இன்னொருவனுக்குச் சாலை காலியாக இருக்கிறது. நான் காலிச் சாலைக்காரன். படித்தபோது ஆறுதலாக இருந்தது. அதனாலேயே அந்த வாதத்தைச் சந்தேகிக்கிறேன்.

அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1876 ஜனவரி 21, இங்கிலாந்தில் அபட்ஸ் ரிப்டன். அன்று அந்தப் பாதையில் கைகாட்டிகளின் இயல்பு நிலை "போகலாம்". கை இறங்கினால் கம்பத்தின் பிளவுக்குள் போய் மறைந்துகொள்ளும். பனிப்புயலில் அந்தப் பிளவுக்குள் பனி இறுகி உறைந்துவிட்டது. சிக்னல்மேன் நெம்புகோலைத் தள்ளினார்; கை அசையவில்லை. எடின்பரோவிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் நிலக்கரி வண்டிமேல் மோதியது. அந்தச் சிதைவுமேல் எதிர்த்தடத்தில் லண்டனிலிருந்து வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ். அதன்பிறகுதான் இயல்பு நிலை "நில்" என்று மாறியது. ஜோகூரில் பனி ஏது? எங்கள் மெஷினில் காந்தமும் என் டிக்கும்தான் பனி.

தாத்தா இந்தச் சடக்கில் கேங் கூலி. கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை 1909-இல் முடிந்த ஒற்றைப் பாதை. 2025-இல் அது இரட்டைப் பாதையாகி மின்சார ரயிலே வந்துவிட்டது. 2011 ஜூலையில் தஞ்சோங் பகார் ஸ்டேஷனை மூடுவதற்குச் சில வாரம் முன்பு என்னை சிங்கப்பூருக்கு ரயிலில் கூட்டிப்போனார். புக்கிட் தீமாவில் ஏற இறங்க ஆளில்லை, ஆனாலும் வண்டி நின்றது. ஓட்டுநர் ஒரு வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினார். "அதுலதான் சாவி இருக்கு. அது கையில இல்லாம அடுத்த துண்டுக்குள்ள போகக் கூடாது. எதுக்க வண்டி இல்லேன்னு வாயால சொன்னா செல்லாது" என்றார் தாத்தா. ஒரு ஷிப்ட் மட்டும்தான் தம்பி என்பதும் வாயால் சொன்னதுதான்.

அவர் சொன்ன இன்னொன்று அன்று எனக்குப் பெருமையாக மட்டும் இருந்தது. அந்தச் சடக்கில் ஆகக் குறைந்த சம்பளம் அவர்களுக்குத்தான். ஆனால் தண்டவாளத்தில் கோளாறு கண்டு ஒரு கூலி சிவப்புக் கொடி காட்டினால் மெயில் வண்டியும் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று பிறகுதான் கேட்பார்கள். எங்கள் பிரஸ்ஸிலும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நான் ஸ்கூடாயில் நான்கு வருடம் படித்தவன். "வேல கெடச்சிருக்கு, வாய மூடிட்டு இரு" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அது அவர்கள் பட்ட கஷ்டத்தின் அறிவுரை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயம் வந்தால் என் கை இறங்கிவிடுகிறது. யாரும் இழுக்கக்கூட வேண்டியதில்லை.

நண்பன் சொன்னான், "அதுக்குப் பரிகாரமாத்தான் நீ இத பண்றே." இல்லை. பின்னறையில் நேர்மை மலிவு. ஈயத்தின் விலை மூன்று வெள்ளி, கோபப்பட ஆள் கிடையாது. கைகாட்டிக்குத் துணிச்சலும் தேவையில்லை. அதைச் செய்தவன் எடையை எந்தப் பக்கம் தொங்கவிட்டான் என்பதுதான் கேள்வி. மனிதனுக்கு அப்படி முன்கூட்டியே தொங்கவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பரிகாரம் என்றால் அந்த 16 படிவங்களையும் எடுத்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவை மாடியில், ஆவண அறையில், நீலக் கோப்பில் இருக்கின்றன. எந்த அலமாரி என்றும் தெரியும்.

நேற்றிரவு சுவரில் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். மூன்று கைகள் ஏறின. நான்காவது பாதியில் நின்றது. அச்சில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றி, மேசைமேல் ஒரு தட்டில் வைத்திருக்கிறேன்.