குடத்து நீரும் அணை நீரும்

இல்லறத்தார்க்குக் கூறப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை என்பது கொடாததைக் கொள்ளாமையாகும். இவ்விரதத்தை விளக்கப் புகுந்த அமிர்தசந்திர ஆசாரியர், தம் புருஷார்த்த சித்யுபாயத்தில் ஒரு சிறு விலக்கை வைத்துள்ளார். பிறருடைய கிணற்று நீர் போன்றவற்றைக் கேளாமல் எடுப்பதை விட முடியாத இல்லறத்தார், ஏனைய கொடாப் பொருள்கள் அனைத்தையுமாவது விட்டொழிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தாகத்தோடு வந்தவன் உரியவரைத் தேடித் திரிய இயலாது. ஒரு குடம் முகந்தால் கிணறு குறைவதுமில்லை. இல்வாழ்வின் இயல்பறிந்து அளித்த சலுகை இது.

இச்சலுகை குடத்திற்கு உரியது. ஓர் ஊரே சேர்ந்து ஓர் ஆற்றை மறித்து நீரைத் தேக்கும்போதும் இது செல்லுமா? இவ்வினா நமக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

தேனி மாவட்டத்தில் வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வைகை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு முதலிய ஊர்களைத் தொட்டு வடக்கே ஓடுகிறது. பின்னர் முல்லைப் பெரியாற்று நீரைக் கொணரும் ஆற்றோடு கூடி வைகை அணையைச் சேர்கிறது. மழைக்காலத்தில் பெருகும் இவ்வாறு கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும். அப்போது மணலுக்கு அடியில் நிற்கும் நீரை உறைகிணறுகள் வழியே எடுத்தே இவ்வூர்கள் குடிக்கின்றன. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையோ இவ்வூர்களுக்குக் கீழே இருக்கிறது. 71 அடி வரை நீர் தேக்கும் அவ்வணையால் மதுரை நகர் குடிக்கிறது. அதற்கும் கிழக்கே வயல்கள் விளைகின்றன. தம் மலையில் பெய்த மழை தம் வாயிலைக் கடந்துபோய்ப் பிறர்க்குத் தேங்குவதைக் காணும் மேட்டு ஊரார், மூல வைகையின் குறுக்கே ஓர் அணை வேண்டுமென்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் கேட்பது ஆசையால் அன்று, தாகத்தால். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

கொல்லாமை பற்றிய ஐயம் சிலர்க்கு எழக்கூடும். மண்ணும் நீரும் ஓரறிவுயிர்களின் உடல்கள். அவற்றை அகழ்வதும் மறிப்பதும் இம்சையே. ஆயினும் உழவும் சமையலும் வீடு கட்டுதலும் போலக் குடிநீருக்காகச் செய்யும் பணி ஆரம்ப இம்சையின்பாற் படும். இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டது பயனின்றி மண்ணைத் தோண்டுவதும் நீரை அலைப்பதுமே. ஆதலின் இவ்வகையில் நெடிது வாதிட இடமில்லை.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. வீட்டில் அடுப்பு மூட்டுபவன் வினையையும் தானே ஏற்கிறான், உணவையும் தானே உண்கிறான். அணையில் இவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. நீர் ஒருவர்க்கு, மூழ்கும் நிலம் மற்றொருவர்க்கு. வைகை அணை எழுந்தபோது நீர்த்தேக்கத்தினுள் ஊர்கள் அடங்கின. உழுத நிலத்தையும் வாழ்ந்த வீட்டையும் விட்டு மக்கள் வெளியேறினர். அத்துயரைக் கருவாகக் கொண்ட வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த அணையால் இன்று தாகம் தணிவோருள் எத்தனை பேர் அம்மக்களை ஒருமுறையேனும் நினைக்கின்றனர்? இழப்பீடு கொடுத்துவிட்டோம் என்பது சட்டத்தின் விடை. மனமுவந்து கொடுக்கப்பட்டதா என்பதே விரதம் கேட்கும் கேள்வி.

கீழ்ப்பகுதியாரும் உள்ளனர். வைகையின் நீர் பெரும்பாலும் நேரே கடலைச் சேர்வதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாய்தான் அதன் கடைசி வாய். வழியெங்கும் பழைய பாசன உரிமையுள்ள கண்மாய்கள் நிரம்பிய பின்னரே மிச்சம் அங்கே போகும். மலையடிவாரத்தில் ஒரு பகுதியை நிறுத்தினால் குறைவு முதலில் தெரிவது அந்தக் கடைமடையில். மேகமலைக் காடு 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. தேக்கம் காட்டுக்குள் அமையுமானால் பள்ளத்தாக்கை இழக்கும் விலங்குகளிடம் ஒப்புதல் கேட்க வழியே இல்லை.

இங்கேதான் பரிமித பரிக்கிரகம் என்னும் அளவு விரதம் துணைக்கு வருகிறது. பொருளுக்கு எல்லை வகுப்பதுபோல நீருக்கும் எல்லை வகுக்கலாமன்றோ? அணையின் உயரத்தைப் பொறியாளரின் கணக்கென்று நாம் எண்ணிவிடுகிறோம். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாற்றணையில் எத்தனை அடி தேக்குவது என்னும் வழக்கு இரு மாநிலங்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்த பின்னும் ஐயமும் அச்சமும் அடங்கவில்லை. ஒவ்வோர் அடியும் ஒருவர்க்கு நெல், மற்றொருவர்க்கு உறக்கமின்மை. அணையின் உயரம் அந்தச் சமுதாயம் தன் தேவைக்கு இட்டுக்கொண்ட அளவேயாம். குடிக்க எவ்வளவு, பயிருக்கு எவ்வளவு, எப்பயிருக்கு என்று முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து அடியைக் கணக்கிடுவது ஒரு முறை. இயன்ற மட்டும் உயர்த்திவிட்டுப் பிறகு பயனைத் தேடுவது மற்றொன்று. இரண்டாவது முறையே உலகில் மிகுதி!

குடிநீர் மட்டுமே நோக்கமாயின் பெரிய தேக்கம் தேவைப்படாமலும் போகலாம். மூல வைகையின் மணற்படுகையே ஒரு நீர்த்தேக்கம். தாழ்ந்த தடுப்பணைகள் வெள்ளத்தைத் தயங்கச் செய்து மணலுக்குள் இறக்கும்; உறைகிணறுகள் கோடையிலும் ஊறும்; வெயில் உறிஞ்சுவதும் குறைவு; எவர் வீடும் மூழ்காது. ஆனால் படுகையின் மணலை அள்ளி விற்றுக்கொண்டே தடுப்பணை கேட்பது பொருந்தாது. மணல் போனால் நீர் தங்க இடமேது? மலைச்சரிவில் மரங்கள் நின்றாக வேண்டும். இல்லையேல் அடித்து வரும் வண்டல் சிறிய தேக்கத்தைச் சில மழைகளிலேயே தூர்த்துவிடும்.

இவையனைத்தும் செய்த பின்னும் கோடை கடக்க நீர் போதவில்லையெனில் அணை கேட்பதில் குற்றமில்லை. அப்போது கேட்க வேண்டியது அரசை மட்டுமன்று. நிலம் தருவோரையும், பெரிய கண்மாயின் கடைமடை உழவரையும் ஒரே பந்தலில் அமர்த்திக் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் எத்தனை அடி என்று கேட்பர். அடுத்து, மழை பொய்த்த ஆண்டில் மதகை யார் திறப்பார் என்று கேட்பர்.