விரலும் விருப்பமும்

“எனக்கு இதுதான் பிடிக்கும்” என்று மனிதன் கூறும்போது அங்கே பேசுவது யார்? அவனுடைய அறிவா, அவனுடைய பழக்கமா, அல்லது அவனுக்குப் பொருளை விற்றவனுடைய விளம்பரமா? உணவு, உடை, இலக்கியம் ஆகியன பற்றி இக்கேள்வி பன்முறை எழுப்பப்பட்டதுண்டு. இரசனை என்பது வானத்திலிருந்து விழுவதன்று, வாழ்நிலையில் முளைப்பது என்று முற்போக்கு விமர்சகர்கள் சலியாது வாதிட்டு வந்துள்ளனர். ஆயினும் நாள்தோறும் தொட்டு வேலை செய்யும் கருவிகளைப் பற்றி இவ்வாறு கேட்பார் அரியர். கணினியின் சாவிப்பலகையையும் சுட்டியையும் முன்வைத்து அதனைக் கேட்டுப் பார்க்க விழைகின்றோம். அற்பப் பொருள்கள் என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஏட்டையும் எழுத்தாணியையும் அற்பமென்று எவரும் சொல்லக் காணோம்.

(தமிழ்நாட்டார் விசைப்பலகை என்பர், நம் பாடநூல்கள் சாவிப்பலகை என்கின்றன. வீட்டுக் கதவுக்குத் ‘திறப்பு’ என்று சொல்லும் நாம் கணினிக்கு மட்டும் ‘சாவி’ கொண்டது வேடிக்கைதான். அது நிற்க.)

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே, வடக்கே கல்லடியும் தெற்கே காத்தான்குடியும் அமையக் கிடப்பது நாவற்குடா. இப்பகுதியில் வீதியோரத்துப் போட்டோப்பிரதிக் கடை எதிலும், கிராம சேவையாளருக்கான விண்ணப்பமோ கோயிற் கும்பாபிஷேக மலரோ தட்டெழுதிக் கொண்டிருக்கும் இளம் பெண்ணொருத்தியைக் காணலாம். மாலையாயின், அதே வகைக் கணினியின் முன் அமர்ந்து இளைஞர் திரையில் போர் புரிவர். முன்னவளுக்குச் சாவிப்பலகை கூலியின் கருவி. பின்னவர்க்கு அது களிப்பின் கருவி. எது நல்ல சாவிப்பலகை என்று இருதிறத்தாரையும் வினவினால் இருவேறு விடைகள் வரும். அவள், “கை பழகினது” என்பாள். அவர்கள், சிவப்பு, நீலம், கபிலம் என்று நிறங்களைச் சொல்வர்.

நிறங்களின் பொருள் இது. 1980களில் ஜேர்மனியின் செரி நிறுவனம் உருவாக்கிய ஒருவகை விசையில் ஒவ்வொரு சாவியின் கீழும் தனித்தனி வில்சுருள் உண்டு. சிவப்பு வழுக்கிச் செல்லும். கபிலம் இடையிலே மெல்லத் தடுக்கும். நீலம் ‘கிளிக்’ என ஒலிக்கும். சாவி அடிமட்டம் வரை போகவேண்டியதில்லை. 2 மில்லிமீற்றர் இறங்கினாற் போதும், எழுத்து விழுந்துவிடும். மலிவுப் பலகையிலோ இறப்பர்க் குமிழொன்றை நசுக்க வேண்டும். நாள் முழுவதும் நசுக்குபவளின் விரல் மூட்டுகளைக் கேட்டால் வேற்றுமை தெரியும். ஈண்டு ஒரு முரண்பாட்டைக் கவனிக்க: மூட்டுக்கு இதமான பலகை, பத்து மணி நேரம் தட்டுபவளின் மேசைக்கு வருவதில்லை, மாலையில் இரண்டு மணி நேரம் விளையாடுபவனிடம், அதுவும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடமே செல்கின்றது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பின்னர், இவ்விடைவெளி இன்னும் அகன்றது.

இதனைச் சொன்னதும் விளையாட்டையே பழிக்கப் புறப்படும் ஒழுக்கவாதிகளோடு நமக்கு உடன்பாடில்லை. விடிய விடியக் கூத்தாடிய மண் இது. உழைப்பின் களைப்பைக் களிப்பில் ஆற்றிக்கொள்வது மனிதனின் இழிவன்று. ஆயினும் களிப்பையும் ஒருவன் சரக்காக்குகின்றான் என்பதை மறத்தலாகாது. சாதாரணச் சுட்டி தன் நிலையைக் கணினிக்குச் செக்கனுக்கு 125 தடவை அறிவிக்கும். விளையாட்டுக்கென விற்கப்படுவது 1000 தடவை அறிவிக்கும். எட்டு மில்லிசெக்கன் ஒரு மில்லிசெக்கனாகின்றது. கண் கண்டதற்குக் கை பதிலிறுக்கவோ ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் செல்லும். தேர்ந்த போட்டியாளனுக்கு அந்த ஏழும் பயன்படலாம். பரீட்சை முடித்துப் பொழுதுபோக்கும் மாணவனுக்கு அவை பயன்படும் என்பது வியாபாரியின் கணிதம்.

எனவே விருப்பங்கள் யாவும் ஒருதரமானவை அல்ல. வாவியில் வீச்சுவலை எறிபவன் தன் தோளுக்கும் நீரின் ஆழத்துக்கும் ஏற்ற ஈயத்தின் பாரத்தைத் தானே அறிவான். மருதமுனைத் தறிகாரன் தன் தறியின் ஓசையில் இழையறுந்ததை உணர்வான். இவர்கள் ‘இது எனக்குப் பிடித்தது’ எனும்போது அது உழைப்பிற் பிறந்த அறிவு. அதனை மதியாதவன் தொழிலாளியை மதியாதவன். தொழிற்சாலையில் மனிதன் கருவியைக் கையாளும் நிலை தலைகீழாவதை 1867 இல் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். தன் கருவியைத் தானே தெரிந்தெடுக்கும் வாய்ப்பு எவனுக்கு உண்டு, எவனுக்கு இல்லை என்று பார்த்தாலே அவன் சமுதாயத்தில் நிற்கும் இடம் புலப்படும்.

ஆனால் பழக்கமே அறிவு என்று கொள்ளலாமா? இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சாவியமைப்பு, அமெரிக்கரான ஷோல்ஸ் வகுத்து, 1870களில் ரெமிங்டன் நிறுவனம் விற்ற தட்டச்சுப்பொறியின் எச்சம். இரும்புக் கைகள் ஒன்றோடொன்று சிக்காதிருக்கவே அவ்வாறு அடுக்கினர் என்று வழிவழியாகச் சொல்வர். ஆய்வாளர் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். 1936 இல் ட்வோராக் என்பார் விரலுக்கு இசைவானதெனக் கூறி வேறோர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்புக் கைகள் மறைந்தன. அவை இட்ட ஒழுங்கு நிலைத்தது.

நம் தமிழின் கதை இதனினும் சுவையானது. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வடிவு கண்டவர், 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து சிங்கப்பூரிற் பணிபுரிந்த ஆர். முத்தையா. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை நாற்பத்துச் சொச்சம் சாவிகளில் அடக்குவது எங்ஙனம்? அழுத்தினாலும் தாளுருளை நகராத சாவிகளைக் கொண்டு புள்ளியையும் விசிறிகளையும் எழுத்தின் மீதே பொருத்தும் வழியை அவர் கண்டார். ஜேர்மனியில் அப்பொறி வார்க்கப்பட்டது. அன்றைய இரும்புக்கு அதுவே தக்க விடை. அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அப்பொறியில் எழுதியவன் கண்ணின் வரிசையில் எழுதினான். ‘கொ’ என்று எழுத முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர் கால். நாவு ககரத்தை முதலிற் சொல்லி ஒகரத்தைப் பின்னே சொல்லும். கணினி வந்தபின் இம்மரபைப் பின்பற்றிய ‘பாமினி’ எழுத்துரு ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் வேரூன்றியது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ அமைப்போ நாவின் வரிசையைக் கைக்கொண்டது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ககரமும் ஒகரமும் தட்டினால் ‘கொ’. ‘அம்மா’ என எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டுகள். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானே விழும். பாமினியில் இதற்கு ஐந்து. இலங்கையோ வேறு முடிவெடுத்தது. 2008 இல் வெளியான 1326 ஆம் இலக்க இலங்கைத் தர நியமம், தட்டச்சு மரபை ஒட்டிய ரெங்கநாதன் அமைப்பை ஏற்றது.

ஒரே மொழி, இரண்டு அரசுகள், இரண்டு அறநெறிகள். தமிழ்நாடு, இனிப் பழகப்போகும் குழந்தையின் விரலை நினைத்தது. இலங்கை, ஏற்கெனவே பழகிய எழுதுவினைஞரின் விரலை நினைத்தது. எது நியாயம்? முதலாவதில் எதிர்காலம் இருக்கின்றது. ஆனால் அங்கும் பழைய தட்டச்சுப் பள்ளியில் படித்தோர் இரு அமைப்புகளுக்கிடையே அகப்பட்டு அவதியுற்றனர். இரண்டாவதில் இரக்கம் இருக்கின்றது. ஆனால் அவ்விரக்கம், பிறவாத தலைமுறையின் தலையில் இறந்த இயந்திரமொன்றைச் சுமத்துகின்றது. எம் சார்பு முதலாவதன் பக்கமே என்பதை மறைக்கவில்லை. எழுத்து நாவின் ஒழுங்கைப் பின்பற்றுதல் மொழியின் இயல்புக்கு இசைந்தது. இளைஞரோ இவ்வழக்கிலே தலையிடாமல், கைத்தொலைபேசியில் உரோம எழுத்தால் தமிழைத் தட்டிச் செல்கின்றனர். எங்கள் சண்டை அவர்களுக்குச் செவியேறுவதில்லை.

ஒருவர் வினவலாம்: அவரவர் விரும்பியவாறு எழுதிவிட்டுப் போகட்டுமே, ஊருக்கென்ன நட்டம்? சாவியமைப்பைப் பொறுத்தவரை இவ்வாதம் செல்லும். ஒருங்குறியில் எழுதினால் எவ்வழியில் தட்டினும் விளைவு ஒன்றே. பாமினி முறைக்கு அது செல்லாது. அது ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. போர்வையை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் கூளம். போர்க் காலத்திலும், 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும் இப்பிரதேசத்தில் தட்டெழுதப்பட்ட மனுக்கள், மலர்கள், ஆய்வேடுகள் இவ்வாறு கிடக்கின்றன. தமிழில் தேடினால் அவை அகப்படா. கல்லடியில் விபுலாநந்த அடிகளின் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் நடைபெறுகின்றது. மறைந்துபோன யாழை மீட்க அவ்வடிகள் ஆண்டுகள் பல உழைத்து, 1947 இல் ‘யாழ்நூ’லை வெளியிட்டார். கருவியொன்று மறைந்தால் அதிற் பழகிய விரல்களின் அறிவைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுத்தான் மீட்க வேண்டும் என்பதற்கு அந்நூலினும் வேறு சான்று வேண்டா. நம் கண்முன்னேயே இன்னொரு யாழ் மறைகின்றது.

சுட்டியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எங்கெல்பார்ட் என்னும் அமெரிக்கர் 1960களில் மரத்தாற் செய்வித்த அக்கருவியை, 1968 டிசம்பர் 9 ஆம் நாள் உலகறியக் காட்டினார். அவர் காட்டியபோது ஒரு கையில் சுட்டியும், மறு கையில் ஐந்து சாவிகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன. மனிதர் கூடிச் சிந்திப்பதற்கான கருவி என்பதே அவர் கனவு. ஐந்து சாவிகளைப் பழகப் பொறுமை வேண்டும். சந்தை அதனை உதறிவிட்டுச் சுட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது. கண்டவருக்கு அதனால் உரிமைப்பணம் ஏதும் கிட்டவில்லை.

இன்று விற்கப்படும் வளைந்த சுட்டிகளுட் பல வலக்கைக்கே வார்க்கப்பட்டவை. இடக்கைப் பிள்ளையைப் பீச்சாங்கையன் என்று ஏசி அடித்து வலக்கைக்கு மாற்றிய ஆசிரியர் மரபொன்று நம்மிடம் இருந்தது. அடி நின்றுவிட்டது, வார்ப்பு அவ்வேலையைச் செய்கின்றது. இருபுறமும் ஒத்த மலிவுச் சுட்டியைக் கொடுத்து, பொத்தான்களின் வேலையைக் கணினியில் இடம் மாற்றிவைக்க ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். பாடசாலைக் கணினிக்கூடங்களில் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவோர் எத்தனை பேர் என்று ஆசிரிய நண்பர்கள் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

கடைப் பெண்ணிடம் மீள்வோம். ஒருங்குறிக்கு மாறு என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. ஒருங்குறியிலும் பழைய பாமினி அமைப்பிலேயே தட்ட வழியுண்டு; ஆதலால் விரலை வதைக்காமலே தமிழைக் காக்கும் முதற்படியை இன்றே வைக்கலாம். தமிழ்99 இற்கு அவள் மாறவேண்டுமாயின் சில கிழமைகள் அவள் வேகம் பாதியாகும். பக்கக் கணக்கிற் கூலி பெறுபவளுக்கு வேகம் பாதியென்றால் சோறும் பாதி. மொழியின் நலனுக்காக அவள் இழக்கும் அந்தக் கூலியை, மொழியின் பெயரால் மாநாடு கூட்டும் நாம் எந்தக் கணக்கில் எழுதப்போகின்றோம்?