தண்டனை முடிந்தது, கணக்கு முடியவில்லையா?

 

பிலேமோனுக்கு எழுதின நிருபம் ஒரே அதிகாரம்தான். எஜமானைவிட்டு ஓடிப்போன ஒநேசிமுவை பவுல் திருப்பி அனுப்புகிறார். இனி இவனை அடிமையாகப் பார்க்காதே, சகோதரனாகச் சேர்த்துக்கொள் என்று கெஞ்சுகிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் அமெரிக்காவிலுள்ள புளோரிடா மாநிலம் என் நினைவுக்கு வருகிறது.

2018 வரை அங்கே பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன், தண்டனை முழுவதையும் அனுபவித்து முடித்தாலும் ஓட்டுப்போட முடியாதிருந்தது. கவர்னரிடம் மனுப்போட்டுக் காத்திருக்கவேண்டியிருந்தது. 2011-க்குப் பிறகு அந்த மனுப்போடவே ஐந்து வருஷம், ஏழு வருஷம் பொறுக்கவேண்டியிருந்தது.

டெஸ்மண்ட் மீட் என்ற மனிதனைப் பாருங்கள். ஜெயிலுக்குப் போனவர், போதைக்கு அடிமைப்பட்டவர். 2005-ல் சாகவேண்டுமென்று தண்டவாளத்தருகே ரயிலுக்காகக் காத்து நின்றார். ரயில் வரவில்லை. அல்லேலூயா! அதே மனிதன் 2014-ல் சட்டப்படிப்பை முடித்தார். 2016-ல் அவர் மனைவி மாநில சட்டசபைக்குப் போட்டியிட்டபோது, சொந்த மனைவிக்கு ஒரு ஓட்டுப்போட அவரால் முடியவில்லை! அவர் சோர்ந்துபோனாரா? இல்லை. அவரும் மற்றவர்களும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 2018 நவம்பரில் ஜனங்களே ஓட்டுப்போட்டு அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். 60 சதவீதம் வேண்டியிருந்தது. 64 சதவீதத்துக்கும் மேலே விழுந்தது. சுமார் 14 லட்சம் பேருக்கு வாசல் திறந்தது. கொலைக்குற்றமும் பாலியல் குற்றமும் மட்டும் இதில் சேராது.

ஆனால் 2019-ல் இன்னொரு பூட்டு விழுந்தது. கோர்ட்டு விதித்த அபராதம், கட்டணம், நஷ்டஈடு எல்லாவற்றையும் கட்டினால்தான் ஓட்டு என்று புதுச்சட்டம் வந்தது. எவ்வளவு பாக்கி என்றே அநேகருக்குத் தெரியவில்லை. 2020 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

பிரியமானவர்களே, பவுல் இங்கேதான் நமக்கு வழிகாட்டுகிறார். ஒநேசிமு பட்ட கடனை நானே தீர்க்கிறேன் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். 2020 தேர்தலுக்கு முன்னே புளோரிடாவிலும் இதுதான் நடந்தது. அநேகர் பணம் சேர்த்து, முன்பின் தெரியாதவர்களுடைய பாக்கியைக் கட்டினார்கள்.

நம் தேசத்துச் சட்டம் வேறு. சிறைக்குள் இருக்கும்வரை ஓட்டில்லை. விடுதலையாகி வந்தால் உண்டு. சட்டம் சேர்த்துக்கொள்ளுகிறது. நாம் சேர்த்துக்கொள்ளுகிறோமா? "ஐயோ, அவன் உள்ளே போயிட்டு வந்தவனாச்சே!" என்று ஆராதனையில் பாயை நகர்த்திப் போட்டுக்கொள்ளுகிறோமே! அரசாங்கம் முடித்துவைத்த தண்டனையை சபை நீட்டலாமா?

அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் போய்ப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால் படிவம் 6 வாங்கி, கூடவே உட்கார்ந்து பூர்த்திசெய்து கொடுங்கள். சின்னக் காரியம்தான். ஆனால் "நீயும் எங்களில் ஒருவன்" என்று அது சொல்லும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.