கடன் வாங்கிய நம்பிக்கை

பொய் என்பது யாது? உண்மைக்கு மாறான சொல் என்று கூறி அமைந்துவிடுகிறோம். புகையிலை விளம்பரங்களின் வரலாற்றைப் பார்த்தால் இவ்விலக்கணம் போதாதென்றே தோன்றுகிறது.

தனது சிகரெட் தொண்டையைக் குறைவாகவே உறுத்துகிறதென்று 20,679 வைத்தியர்கள் கூறுவதாக 1930இல் அமெரிக்க லக்கி ஸ்டிரைக் விளம்பரம் பறைசாற்றியது. மற்றெந்தச் சிகரெட்டையும்விடக் கேமலையே வைத்தியர்கள் மிகுதியாகப் புகைக்கின்றனர் என்று 1946இல் கேமல் விளம்பரம் முழங்கியது. இலவசமாகச் சிகரெட்டுகளை அனுப்பிவிட்டுக் கருத்துக் கேட்டால் அத்தகைய கணக்குக் கிடைக்கத்தான் செய்யும்! அந்த எண் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆயினும், நோயாளி வைத்தியர்மேல் வைத்த நம்பிக்கை அங்கே விலைப்பொருளாயிற்று. 1950இல் டால், ஹில் என்ற ஆங்கில அறிஞர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். 1954 ஜனவரியில் அமெரிக்கக் கம்பெனிகள் பத்திரிகைகளில் கூட்டறிக்கை வெளியிட்டு அதன்மேல் ஐயத்தைத் தூவின.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் லயங்களிலோ வெற்றிலைப் பைக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. புகையிலைத் துண்டு பல்வலிக்கு நல்லது, மலைக்குளிருக்கு இதம், பசியை அடக்கும் என்பன மாமியார் வாய்வழி மருமகளுக்கு வந்த சேதிகள். விடியலில் மலையேறிக் கொழுந்து நிறுக்கும்வரை நிற்பவளுக்குக் கடைசிச் சேதி பொய்யுமன்று. பசி அடங்கத்தான் செய்கிறது. அந்தப் புகையிலையே வாய்ப்புற்றையும் தருகிறது. இன்று குமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற வைத்தியர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இலேயே லான்செட் இதழில் எழுதினார். லண்டனில் அச்சான இதழ் லயத்துக்கு எப்படி வரும்?

மாமியாரையும் கம்பெனியையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? அவள் பிறருக்குச் சொன்னதைத் தானும் மென்றாள். தன் வாயையே பணயம் வைத்தாள். அறியாமல் செய்தாள் என்று விட்டுவிடவும் நமக்கு மனம் வரவில்லை. அறியாமையில் அவளை வைத்தவர் யார்? கொழுந்தை இறாத்தல் தவறாமல் குறித்த ஏடுகளில் அவள் வாய்ப்புண்ணுக்கு எங்கே இடமிருந்தது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்தது. பின்னர் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் நிறைத்தன. நல்லதே. வெற்றிலைப் பைக்கு ஏது பெட்டி, ஏது படம்?

தோட்டப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கும் நாம் பாட்டியை மூடராக்கிப் பாடம் நடத்தினால், அந்தப் பாடம் லயத்து வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே கேமல் விளம்பரத்து வைத்தியரை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் வெற்றிலைப் பைக்கு வரலாமென்று எண்ணுகிறோம். கற்ற வைத்தியரே இணங்கிப் போன கதையைக் கேட்ட பிள்ளைக்குப் பாட்டியை ஏளனம் செய்யத் தோன்றாது.